சாமை விளையும் மலையிலிருந்து ஓர் எம்.பி.ஏ. விண்ணப்பம்

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பிசினஸ் ஸ்கூல், எம்.பி.ஏ. படிக்க வருகிறவர்களிடம் பல ஆண்டுகளாக ஒரே கேள்வியைக் கேட்டுவருகிறது. உங்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது எது, ஏன்? மதிப்பெண் பட்டியலைப் பார்த்து இதற்குப் பதில் எழுத முடியாது. நகரத்துப் பிள்ளைகள் பலர் இந்தக் கட்டுரைக்காகவே ஆலோசகர்களிடம் பெரும் பணம் கொடுக்கிறார்கள். கொல்லிமலையின் வளப்பூர்நாட்டிலோ வாழவந்திநாட்டிலோ வளர்ந்த ஒருவருக்கு எழுத விஷயம் நிறையவே இருக்கிறது. அது விஷயம்தான் என்று எடுத்துச் சொல்ல ஆள் இல்லாததுதான் குறை.

நாமக்கல் மாவட்டத்து இந்த மலையில் தலைமுறை தலைமுறையாகச் சாமை, கேழ்வரகு, தினை, பனிவரகு விளைந்தன. சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளிக் கிழங்கு தேவைப்பட்டதும் நிலங்கள் கிழங்குக்கு மாறத் தொடங்கின. கையில் பணம் புரண்டது. சாப்பாட்டில் சாமை குறைந்தது. சாமையை உரலில் குத்தி உமி போக்குவது பெண்களின் இடுப்பை ஒடிக்கும் வேலை. சிறுதானியம் பின்வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இங்கே பணியாற்றி, உமி நீக்கும் இயந்திரங்களைச் சுய உதவிக் குழுக்களிடம் கொடுத்தது. தானியத்தை மாவாகவும் ரவையாகவும் ஆக்கி, பாக்கெட்டில் அடைத்துச் சந்தைக்கு அனுப்பவும் துணை நின்றது.

எந்தப் பயிருக்கு விலை கிடைக்கும், இடைத்தரகர் எங்கே நுழைகிறார், ஓர் இயந்திரம் வந்தால் பெண்களின் நேரம் எப்படி மிச்சமாகும் என்று மலைவாசிகள் தினமும் போடும் கணக்குகளையே பிசினஸ் ஸ்கூல்கள் பாடமாக நடத்துகின்றன. தமிழ்நாட்டுக் கதைகள் அந்த வகுப்பறைகளுக்குப் புதியவையும் அல்ல. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை ஏழைகளுக்குக் கண் அறுவை சிகிச்சை செய்யும் முறையை, ஹார்வர்டு பேராசிரியர் கஸ்தூரி ரங்கன் 1993-ல் பாடமாக எழுதினார். கோயம்புத்தூரில் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியில் இயற்பியல் படித்து, அகமதாபாத் ஐ.ஐ.எம். வழியாக ஹார்வர்டுக்குப் போய் முனைவர் பட்டம் பெற்ற சி.கே. பிரகலாத், ஏழை மக்களை வாடிக்கையாளர்களாகவும் தொழில்முனைவோராகவும் மதிக்கச் சொன்ன நூலை 2004-ல் வெளியிட்டார். மேலாண்மை உலகம் அதை இன்றும் படிக்கிறது.

சரி, விண்ணப்பம் எப்படி நடக்கிறது? ஜிமேட் அல்லது ஜிஆர்இ தேர்வு எழுத வேண்டும். இப்போதைய ஜிமேட் 2 மணி 15 நிமிடம் நடக்கும். கணக்கு, மொழி, தரவுகளை அலசுதல் என மூன்று பகுதிகள், மதிப்பெண் 205 முதல் 805 வரை. ஆங்கிலத் தேர்ச்சிக்கு ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது டோஃபல் கேட்கும் கல்லூரிகளும் உண்டு. பரிந்துரைக் கடிதங்கள், கட்டுரைகள், நேர்காணல் எல்லாம் இதற்கு மேல். பெரிய பள்ளிகளில் முதல் சுற்று செப்டம்பரிலும் இரண்டாம் சுற்று ஜனவரியிலும் முடிகின்றன. எம்.பி.ஏ.க்குச் சில ஆண்டு வேலை அனுபவத்தை எதிர்பார்ப்பார்கள். கல்லூரியை முடித்த கையோடு போக நினைப்பவர்களுக்கு மேலாண்மை முதுநிலைப் படிப்புகள் தனியே இருக்கின்றன. இந்த வேறுபாடு தெரியாமல் தவறான படிப்புக்கு விண்ணப்பித்துக் கட்டணத்தை இழப்பவர்கள் உண்டு. ஹார்வர்டில் விண்ணப்பக் கட்டணமே 250 டாலர். வசதி குறைந்தவர்களுக்குப் பல பள்ளிகள் இதைக் குறைக்கவோ தள்ளுபடி செய்யவோ செய்கின்றன. ஆனால் கேட்பவர்களுக்குத்தான் அது கிடைக்கும்.

பணம்தான் பெரிய மலை. ஹார்வர்டு எம்.பி.ஏ.யின் படிப்புக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 75,000 டாலருக்கு மேல். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்காகத் தமிழக அரசு நடத்தும் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகைத் திட்டம் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. அமெரிக்காவின் முன்னணிப் பள்ளிகளுக்கு அது போதாது. பிரிட்டனில் ஓராண்டு மேலாண்மைப் படிப்புகள் பலவற்றுக்குப் பெரும்பகுதிச் செலவை அது தாங்கும். மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகத்தின் அயல்நாட்டு உதவித்தொகையில் நாடு முழுமைக்கும் ஆண்டுக்கு 20 இடங்களே உள்ளன. எந்தெந்தப் பாடங்களுக்கு என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் சரிபார்க்க வேண்டும். பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை, இரண்டு ஆண்டு வேலை அனுபவம் உள்ளவர்களை ஓராண்டு முதுநிலைப் படிப்புக்கு முழுச்செலவையும் ஏற்று அழைத்துச் செல்கிறது. ஸ்டான்ஃபோர்டில் வசதி குறைந்த இந்தியர்களுக்கென்றே ரிலையன்ஸ் திருபாய் பெல்லோஷிப் இருக்கிறது. படித்து முடித்தபின் இந்தியாவுக்குத் திரும்பி வேலை செய்ய வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

இவை எல்லாம் யாருக்குத் தெரியும்? 2011 கணக்கெடுப்பின்படி தமிழகப் பழங்குடி மக்கள் ஏறத்தாழ 7.95 லட்சம் பேர். அவர்களில் 3.57 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கொல்லிமலையில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் இவர்களே. கோட்டாட்சியர் தரும் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பாஸ்போர்ட் என்று ஒவ்வொன்றுக்கும் மாதக்கணக்கில் ஆகலாம் என்பதை முன்கூட்டியே சொல்ல ஓர் அண்ணனோ அக்காவோ வேண்டும். சென்னையின் வசதியான குடும்பங்களில் அந்த அண்ணனும் அக்காவும் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

சரியான நேரத்தில் வழிகாட்ட ஒருவர் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்திரா நூயியின் வாழ்க்கையில் நல்ல சான்று உண்டு. சென்னை கிறித்தவக் கல்லூரியிலும் கல்கத்தா ஐ.ஐ.எம்.மிலும் படித்துவிட்டு 1978-ல் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போன அவர், செலவுக்காக இரவு நேர வரவேற்பாளராக வேலை பார்த்தார். கோடைகால வேலைக்கான முதல் நேர்காணலுக்குப் பொருந்தாத மலிவான கோட்டு சூட்டில் போய், வெட்கி அழுதுகொண்டு வந்தார். அங்கே வேலைவாய்ப்புப் பிரிவில் இருந்த ஜேன் மாரிசன், உங்கள் ஊரில் என்ன உடுத்துவீர்களோ அதையே உடுத்திப் போங்கள் என்றார். அடுத்த நேர்காணலுக்குச் சேலையில் போனார், வேலை கிடைத்தது. 2006-ல் பெப்சிகோவின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். நல்ல வழிகாட்டி செய்வது இதைத்தான்: விண்ணப்பிப்பவரை அவராகவே போய் நிற்க வைப்பது.

மகாராஷ்டிரத்தில் இதை இயக்கமாகவே செய்கிறார் ராஜு கேந்த்ரே. புல்டாணா மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், நாடோடிச் சமூக விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 2017-ல் ஏகலவ்யா என்ற அமைப்பைத் தொடங்கி, முதல் தலைமுறைப் பட்டதாரிகளை நல்ல பல்கலைக்கழகங்களுக்கு அனுப்ப ஆரம்பித்தார். 2021-ல் தானே செவனிங் உதவித்தொகையில் லண்டன் சோவாஸ் கல்லூரிக்குப் போனார். தனக்கு வழி திறந்ததும், வெளிநாட்டு விண்ணப்பங்களுக்கென்று தனிப் பயிற்சித் திட்டத்தையும் நடத்தத் தொடங்கினார். தலித், ஆதிவாசி இளைஞர்களின் கட்டுரைகளைப் படித்துத் திருத்தம் சொல்வதும், உதவித்தொகைகளைத் தேடிக் காட்டுவதும் அதன் வேலை.

இந்த வேலைக்கு ஒரு நெறி உண்டு. வழிகாட்டி கேள்வி கேட்கலாம், தெளிவில்லாத பத்தியைச் சுட்டிக்காட்டலாம்; கட்டுரையைத் தானே எழுதிக் கொடுக்கக் கூடாது. எழுதிக் கொடுத்தால் நேர்காணலில் அது வெளிப்பட்டுவிடும். அதைவிட முக்கியம், மலைப் பிள்ளையின் குரலைப் பறித்து எல்லாரும் எழுதும் ஒரே மாதிரி வாசகங்களை அதில் நிரப்பிவிடக் கூடாது. போகச் சொல்வதோடு, போக வேண்டாம் என்று சொல்லும் நேர்மையும் வேண்டும். கடன் சுமைக்கு ஈடாகாத படிப்பென்றால் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

கொல்லிமலைக்குப் பக்கத்துப் பச்சைமலையில், அரசுப் பழங்குடியினர் பள்ளி மாணவி ஒருவர் 2024-ல் ஜே.இ.இ. எழுதித் திருச்சி என்.ஐ.டி.யில் சேர்ந்தார். இப்படிப்பட்டவர்கள் பட்டம் முடித்து, சில ஆண்டு வேலை பார்த்த பிறகு எம்.பி.ஏ.யைப் பற்றி யோசிப்பார்கள். அவர்களைத் தேடிப் போக இப்போதே ஆள் தேவை. அயல்நாட்டில் மேலாண்மை படித்த தமிழர்கள் சிங்கப்பூரிலும் லண்டனிலும் நியூயார்க்கிலும் இருக்கிறீர்கள். கொல்லிமலையின் செம்மேட்டிலோ அடிவாரத்துச் சேந்தமங்கலத்திலோ உள்ள ஒரு பட்டதாரிக்கு வாரம் ஒரு மணி நேரம் கொடுங்கள். உங்கள் பழைய விண்ணப்பக் கட்டுரையைக் காட்டுங்கள், கிடைக்காமல் போன கல்லூரிகளைப் பற்றியும் சொல்லுங்கள். பழங்குடியினர் நலத்துறையும் ஆண்டுதோறும் முதல் சுற்றுக்குச் சில மாதங்கள் முன்பே மலையில் ஒரு முகாம் போட்டு, உதவித்தொகைப் படிவங்களைத் தமிழில் விளக்க வேண்டும்.