இன்னைக்கு உங்களுக்கு சந்திராஷ்டமமா? ஜாதகத்தில் சந்திரன் யார், ஏன் இவ்வளவு பயம்?

ஓசூர் வழியாக பெங்களூரு போகிறவர்கள் கண்ணில் அந்த மலைக்கோயில் படாமல் இருக்காது. சந்திரசூடேஸ்வரர் கோயில். சூடன் என்றால் தலையில் சூடியவன். நிலாவைத் தலையில் வைத்திருக்கும் சிவன் மலைமேல் இருக்க, கீழே கம்பெனி பஸ்ஸுக்காக ஓடுகிறவர்களில் பாதிப் பேர் காலையில் நாள்காட்டியைக் கிழிக்கும்போதே அதே நிலாவைப் பற்றித்தான் பார்த்துவிட்டு வருகிறார்கள்: 'இன்று சந்திராஷ்டமம் யாருக்கு?'

வண்டி ஓட்டாதே, கையெழுத்துப் போடாதே, யாரிடமும் வாய் கொடுக்காதே என்று வீட்டில் சொல்லி அனுப்பும் நாள் அது. அந்தச் சந்திரன் யார்? ஜாதகத்தில் அவருக்கு என்ன வேலை?

27 மனைவிகள், ஒரு சாபம்

புராணக் கதை இதுதான். தட்சன் தன் 27 பெண்களைச் சந்திரனுக்குக் கட்டிக்கொடுக்கிறார். அசுவினி, பரணி, கார்த்திகை என்று நீளும் நட்சத்திரங்கள்தான் அந்த 27 பேர். சந்திரனோ ரோகிணி வீட்டிலேயே தங்கிவிடுகிறார். மற்றவர்கள் அப்பாவிடம் அழ, 'நீ தேய்ந்து போ' என்று தட்சன் சபிக்கிறார். தேய்ந்து ஒரே ஒரு கீற்றாக நிற்கும்போது சந்திரன் சிவனிடம் சரணடைய, அவர் அந்தப் பிறையைத் தலையில் எடுத்து வைத்துக்கொள்கிறார். சாபம் முழுசாகப் போகவில்லை. தேய்ந்தாலும் திரும்ப வளரலாம் என்ற அளவுக்குத்தான் சலுகை.

கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். நிலா வானத்தை ஒரு சுற்று சுற்றி வர சுமார் 27.3 நாள் ஆகும். ஒரு நாளைக்கு ஒரு மனைவி வீடு என்ற கணக்கு அங்கிருந்துதான் வருகிறது. ரோகிணி என்பது செந்நிறமாக மின்னும் பிரகாசமான நட்சத்திரம். நிலா போகும் பாதையை ஒட்டியே இருப்பதால், சில காலகட்டங்களில் நிலா அதை அப்படியே மறைத்துக்கொண்டு கடக்கும். வெறும் கண்ணால் வானத்தைப் பார்த்தவர்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

'என் ராசி' என்றால் உண்மையில் என்ன?

'நான் துலாம், ரோகிணி எல்லாம் கிடையாது, சுவாதி' என்கிறோம் இல்லையா? நாம் பிறந்த நேரத்தில் நிலா எந்த ராசியில், எந்த நட்சத்திரத்தில் நின்றதோ, அதுதான் நம் ராசி, நட்சத்திரம். ஆங்கிலப் பத்திரிகைகளில் பிறந்த தேதியை மட்டும் வைத்துச் சொல்வது சூரியன் நிற்கும் ராசி. அதனால்தான் அங்கே ஒன்றும் இங்கே ஒன்றுமாக வருகிறது.

ஜோதிடத்தில் சந்திரன் மனதுக்கும் தாய்க்கும் உரிய கிரகம். கடகம் சொந்த வீடு, ரிஷபத்தில் உச்சம், விருச்சிகத்தில் நீசம். ரோகிணி இருப்பது ரிஷபத்தில்தான், கவனித்தீர்களா? வளர்பிறைச் சந்திரனை நல்லவர் என்றும், தேய்பிறைச் சந்திரனை அப்படியில்லை என்றும் கணக்கு வைக்கிறார்கள். ஒரு குடும்பச் சண்டைகூட உள்ளே இருக்கிறது. குருவின் மனைவி தாரைக்கும் சந்திரனுக்கும் பிறந்தவர் புதன். ஜோதிட விதிப்படி சந்திரனுக்குப் புதன் நண்பர். ஆனால் புதனுக்குச் சந்திரன் பகை! அப்பாவுக்குப் பிள்ளை மேல் பாசம், பிள்ளைக்கு அப்பா மேல் கோபம்.

தசை புத்தி எங்கே ஆரம்பிக்கிறது என்பதும் நிலாவை வைத்துத்தான். மொத்தம் 120 வருடக் கணக்கில் சந்திர தசை 10 வருடம், சுக்கிர தசை 20 வருடம். நிலா ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள். அப்படியென்றால் சுக்கிர தசையில் பிறந்த குழந்தையின் பிறந்த நேரத்தை ஒரு மணி நேரம் மாற்றி எழுதினால், தசைக் கணக்கு சுமார் 10 மாதம் நகர்ந்துவிடும். டைட்டன் வாட்ச் தயாராகும் ஊரிலேயே 'விடியற்காலை இருக்கும்' என்று சொல்லி ஜாதகம் எழுதிய தலைமுறை இன்னும் இருக்கிறது.

சந்திராஷ்டமம்: கொஞ்சம் கணக்குப் போடலாம்

உங்கள் ராசியிலிருந்து எண்ணினால் எட்டாவது வரும் ராசியில் நிலா இருக்கும் காலம் சந்திராஷ்டமம். மேஷ ராசிக்காரருக்கு நிலா விருச்சிகத்தில் இருக்கும்போது. சுமார் இரண்டேகால் நாள் நீடிக்கும், 27 நாளுக்கு ஒருமுறை திரும்ப வரும்.

ராசி மொத்தம் 12. அதாவது எந்த நேரத்தை எடுத்தாலும் தோராயமாக 12 பேரில் ஒருவருக்குச் சந்திராஷ்டமம் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு ஷிஃப்டில் 1,200 பேர் வேலை செய்தால் சுமார் 100 பேர். அவர்கள் எல்லாரும் அன்றைக்கு மெஷினைத் தொடாமல் இருந்தால் எந்தத் தொழிற்சாலையும் ஓடாது. தினமும் ஓடத்தான் செய்கிறது.

ஜாதகத்தைச் சோதித்துப் பார்த்ததும் உண்டு. மறைந்த வானியல் விஞ்ஞானி ஜெயந்த் நார்லிகரும் உடன் பணியாற்றியவர்களும் மகாராஷ்டிராவில் நடத்திய சோதனையின் முடிவு 2009இல் வெளியானது. நன்றாகப் படிக்கும் மாணவர்கள், மனவளர்ச்சி குன்றியவர்கள் என இரு தரப்பு ஜாதகங்களையும் கலந்து கொடுத்து, எது யாருடையது என்று ஜோதிடர்களிடம் கேட்டார்கள். முழுமையாகப் பதில் அனுப்பியவர்கள் 27 பேர் (நட்சத்திரக் கணக்கேதான்!). சரியாக வந்தது 46 சதவீதம். காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 வரும்.

கல்யாணத்தில்தான் சிக்கல்

ஒரு நாள் பைக் எடுக்காமல் பஸ்ஸில் போனால் பெரிய நஷ்டமில்லை. கல்யாணப் பேச்சில் கதை வேறு. பத்துப் பொருத்தம் பார்ப்பது பெண், மாப்பிள்ளை இருவரின் நிலா நட்சத்திரத்தையும் ராசியையும் வைத்துத்தான். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசும் ஓசூரில், எல்லை தாண்டிச் சம்பந்தம் பேசும்போது பெயர்களே முதலில் குழப்பும். அங்கே ஆஸ்லேஷா என்றால் இங்கே ஆயில்யம், ஜ்யேஷ்டா என்றால் கேட்டை, ஆர்த்ரா என்றால் திருவாதிரை. வருடப் பிறப்பும் இரண்டு. யுகாதி நிலாக் கணக்கில் வருவதால் தேதி வருடா வருடம் மாறும். சித்திரை முதல் நாள் சூரியக் கணக்கு, ஏப்ரல் 14ஐ ஒட்டியே நிற்கும்.

பெயர் மாறினாலும் பயம் மாறுவதில்லை. ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, மூலம் மாமனாருக்கு ஆகாது என்று தட்டிப்போகும் வரன்கள் எத்தனையோ. மாப்பிள்ளைக்கு மூலம் என்றால் இந்த அளவு யாரும் யோசிப்பதில்லை. காரணமாகச் சொல்லப்படுவது ஒரு பழமொழி: 'ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்.'

ஆனால் அது 'ஆனி மூலம் அரசாளும், பின் மூலம் நிர்மூலம்' என்பதன் திரிபு என்று ஜோதிடர்களில் பலரே சொல்கிறார்கள். பின் மூலம் எது என்பதில் அவர்களுக்குள் ஒரே கருத்து இல்லை. முதல் பாதிக்கு மட்டும் வானத்திலேயே விளக்கம் இருக்கிறது. ஆனியில் சூரியன் மிதுனத்தில் இருக்கும். மூலம் இருக்கும் தனுசு அதற்கு நேர் எதிரே. அதனால் ஆனி மாத மூலம் பௌர்ணமியை ஒட்டி வரும், நிலா நிறைந்திருக்கும். மார்கழியில் இதே மூலம் அமாவாசையை ஒட்டி வரும். இதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. பிறையின் அளவு மட்டும்தான்.

அந்த மார்கழி மூலம் அமாவாசையில்தான் தமிழ்நாட்டில் அனுமன் ஜெயந்தி. சரஸ்வதிக்கும் மூலம்தான் நட்சத்திரம். அனுமனுக்கு வடை மாலை சாத்திவிட்டு வருகிற அதே வீட்டில், பொண்ணு மூலம் என்று தெரிந்ததும் ஜாதகத்தை மடித்துத் திருப்பிக் கொடுக்கிறார்கள்.