வண்டியின் எஞ்சினால் இயங்கும் காற்றமுக்கி

சேறான வயற்பாதையில் ரயர்களின் காற்றைச் சிறிது குறைத்தால் வண்டி புதைவது குறையும். தெருவில் ஏறியதும் மீண்டும் காற்று அடைத்தல் வேண்டும். குறைந்த காற்றுடன் விரைந்தோடும் ரயர் சூடேறிப் பழுதாகும். இதற்கென, நான்கு சில்லுகளும் இழுக்கும் உங்கள் வண்டியின் எஞ்சினிலேயே காற்றமுக்கியொன்றைப் பொருத்திக்கொள்ளலாம். இழுவைப் பெட்டியின் ரயர்களுக்கும் அது உதவும்.

பழைய மோட்டார் வண்டிக் குளிரூட்டியின் அமுக்கியைப் பலர் எடுத்தாளுகின்றனர். மலிவானதே, ஆயினும் இவ்வகை அமுக்கிகள் பலவற்றில் எண்ணெய், குளிராக்கும் வாயுவுடன் கலந்தே சுற்றிவரும். வெறுங்காற்றில் ஓட்டினால் அவை விரைவில் இறுகிவிடும். ஆகவே உள்ளிழுக்கும் குழாயில் தூசு வடியும் எண்ணெயூட்டியும், வெளிக்குழாயில் எண்ணெய் பிரிப்பானும் வைத்தல் அவசியம். கப்பிகள் ஒரே நேரில் நில்லாவிடின் புதிய பட்டியும் அறுந்துபோம்.

உயிருக்கே கேடு தரவல்லது காற்றுத் தாங்கி. அமுக்கம் நிறைந்ததும் அமுக்கியை நிறுத்தும் ஆளி ஒருநாள் பழுதாகலாம், எஞ்சினோ ஓடிக்கொண்டேயிருக்கும். அப்போது தாங்கி வெடியாது காப்பது பாதுகாப்பு வால்வு ஒன்றே. தாங்கியின் தாங்குதிறனுக்கு மேற்படாத அமுக்கத்தில் திறக்கும் வால்வையே தெரிந்தெடுங்கள். அதற்கும் தாங்கிக்கும் இடையில் அடைப்புத் திருகு எதனையும் வைக்கலாகாது. அமுக்கிய காற்றிலிருந்து நீர் பிரிந்து அடியில் தங்கி, தாங்கியை உள்ளே துருப்பிடிக்கச் செய்யும்; வேலை முடிந்த ஒவ்வொரு நாளும் அடித்திருகைத் திறந்து அந்நீரை வடித்துவிடுங்கள்.