பணம் கேட்கும் முன் என்ன கேட்கிறார்?

"ஐசி எடுத்துத் தருகிறேன்" என்று, அதாவது அடையாள அட்டை வாங்கித் தருவதாக, ஒருவர் உறுதி சொன்னால் அவரைப் பற்றி மேற்கொண்டு விசாரிக்க வேண்டியதில்லை. அந்த உறுதிமொழி ஒன்றே விலகிப் போவதற்குப் போதும். கடுமையான பேச்சாகத் தோன்றலாம். ஆனால் மலேசியாவின் குடியுரிமைச் சட்டம் அமைந்திருக்கும் விதத்தைப் பார்த்தால், அப்படி வாக்குக் கொடுக்க யாருக்கும் இடமில்லை என்பது விளங்கும். நீலாய் நகரில் வசிப்பவர்களுக்கு அலுவலகங்கள் தொலைவில் இல்லை. ஒரு பக்கம் புத்ராஜெயா. தேசியப் பதிவு இலாகாவின் தலைமையகமும் கூட்டரசு நீதிமன்றமும் அங்கே. மறுபக்கம் கம்யூட்டர் ரயிலில் போய் இறங்கினால் சிரம்பான், அங்கே உயர் நீதிமன்றம். இருந்தும் தோட்டக் குடும்பங்களில் ஆவணச் சிக்கல் இரண்டு, மூன்று தலைமுறையாக இழுபடுகிறது என்றால், அதில் பாதிப் பழி சட்டத்துக்கு, மீதி, தவறான ஆளிடம் போய் நின்ற நாட்களுக்கு.

சிக்கலின் வேர் பழையது. 1957இல் நாடு சுதந்திரம் பெற்றபோது தோட்ட லயங்களில் வாழ்ந்த பலர் குடியுரிமைக்கு மனுப் போடவில்லை. எழுத்தறிவின்மை ஒரு காரணம். தோட்டத்தை விட்டால் வேறு உலகம் இல்லை என்ற நினைப்பு இன்னொன்று. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதவருக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்றது. 1969க்குப் பிறகு அது இறுக்கமாக அமலானபோது, ஏறத்தாழ 60,000 தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். தங்கியவர்களில் பலர் நிரந்தரவாசிக்குரிய சிவப்பு ஐசியோடு கிழவராகிப் போனார்கள். அடுத்த முடிச்சு திருமணத்தில் விழுந்தது. 1982 மார்ச் 1ஆம் தேதி நடப்புக்கு வந்த திருமணச் சட்டத்தின்படி, கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது, பதிவும் வேண்டும். பதிவில்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளையைச் சட்டம் தாயின் பிள்ளையாக மட்டுமே பார்க்கிறது. அந்தத் தாயிடம் எந்த ஆவணமும் இல்லையென்றால், தகப்பன் குடிமகனுக்குரிய நீல ஐசி வைத்திருந்தும் பிள்ளைக்குப் பயன் இல்லை.

ஆகவே நல்ல வழக்குரைஞர் முதலில் காகிதத்தைக் கேட்பார், காசைப் பிறகுதான் கேட்பார். பிறப்புப் பத்திரம் எந்த நாளில் பதிவானது, தாய் தகப்பன் கல்யாணம் பதிவானதா, பிரசவம் லயத்திலா ஆஸ்பத்திரியிலா, பாட்டி எங்கே பிறந்தார் என்று குடைவார். இதை வெறும் சடங்கு என்று நினைத்துவிடக் கூடாது. அரசியலமைப்பில் வாசல் ஒன்றல்ல. 14ஆவது விதி சட்டத்தின் இயக்கத்தாலேயே குடியுரிமை தருகிறது. தகுதி இருந்தால் அவர் பிறந்த கணத்திலிருந்தே குடிமகன். 16ஆவது விதி, 1957 மெர்டேக்காவுக்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் வசிப்பு, நன்னடத்தை, ஓரளவு மலாய் ஆகிய நிபந்தனைகளை நிறைவேற்றினால் பதிவு பெறும் உரிமையைத் தருகிறது. 19ஆவது விதியும், பிள்ளைகளுக்கான 15ஏ விதியும் அப்படியல்ல; அரசாங்கம் விரும்பினால் தரலாம், விரும்பாவிட்டால் காரணம்கூடச் சொல்லாமல் மறுக்கலாம். தோட்டத்தில் 1955இல் பிறந்த ஒரு பாட்டிக்கு 16ஐ விட்டுவிட்டு 19இல் மனு எழுதிக் கொடுப்பவர், உரிமையைக் கருணையாக மாற்றிவிடுகிறார். பாட்டிக்கு அது தெரியவே போவதில்லை.

"அரசாங்கம் முடிவு செய்துவிட்டால் லாயர் என்ன செய்துவிட முடியும்?" என்ற கேள்வி நியாயமானது. குடியுரிமை பற்றிய கூட்டரசின் முடிவை எந்த நீதிமன்றத்திலும் மேல்முறையீடு செய்ய முடியாது என்று அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணையே சொல்கிறது. ஆனால் ஒருவர் ஏற்கெனவே குடிமகனா என்பது சட்டக் கேள்வி, அதை நீதிமன்றங்கள் கேட்டிருக்கின்றன. 2021இல் வந்த இரண்டு தீர்ப்புகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். மே மாதம், மலேசியத் தகப்பனுக்கும் பிலிப்பைன்ஸ் தாய்க்கும் திருமணத்துக்கு முன் வெளிநாட்டில் பிறந்த பிள்ளை குடிமகன் இல்லை என்று கூட்டரசு நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. பெற்றோர் பின்னர் மணந்தது உதவவில்லை. நவம்பர் மாதம், பெற்றவர் யாரென்றே தெரியாத ஒரு தத்துப்பிள்ளையின் வழக்கில் அதே நீதிமன்றம் அவரைக் குடிமகன் என்று அறிவித்தது. கைவிடப்பட்ட பச்சிளங்குழந்தை இங்கே நிரந்தரமாக வசிக்கும் தாய்க்குப் பிறந்ததாகக் கொள்ள வேண்டும் என்று அட்டவணையின் 19பி பிரிவு சொல்வதை அது ஏற்றுக்கொண்டது. பெற்றோர் தெரிந்த பிள்ளை தோற்றது, தெரியாத பிள்ளை வென்றது. விசித்திரம்தான், ஆனால் எந்த உட்பிரிவில் கால் வைப்பது என்பதில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். அந்தப் பிரிவுகளும் அசையாமல் நிற்பதில்லை. 2024 அக்டோபரில் மக்களவை ஏற்ற திருத்தம் வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்குக் கதவைத் திறக்கிறது; நிரந்தரவாசியின் பிள்ளை என்ற அடிப்படையை எடுத்துவிடுகிறது; 15ஏ விதியின் வயது வரம்பை 21இலிருந்து 18ஆகக் குறைக்கிறது. பழைய பாரத்தையே மனப்பாடமாக நிரப்பித் தரும் ஆள் இதையெல்லாம் கவனித்திருப்பார் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

செலவு என்ற தடை உண்மையானது. தோட்டச் சம்பளத்தில் லாயரா என்று கேட்பவரிடம் சாமர்த்தியமாகப் பேசிப் பயனில்லை. ஆனால் எல்லா மனுவுக்கும் லாயர் வேண்டியதில்லை. தாமதப் பிறப்புப் பதிவு, பாரம் நிரப்புதல் போன்றவற்றுக்கு ஆவணமற்றோருக்காகப் பல ஆண்டுகளாக வேலை செய்யும் டிஎச்ஆர்ஆர்ஏ மலேசியா போன்ற அமைப்புகளின் சட்ட உதவியாளர்கள் இருக்கிறார்கள். வழக்குரைஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள் மாநிலந்தோறும் உண்டு. வருமானம் பார்த்து உதவுகின்றன. ஐசி எடுத்துத் தருவதாகச் சொல்லும் தரகருக்குக் கொடுக்கும் தொகையை இவற்றோடு ஒப்பிட்டால் லாயர்தான் செலவு என்ற பேச்சு ஆட்டம் காணும். இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. செல்லுபடியாகும் தொழில் சான்றிதழ் இல்லாமல் வழக்குரைஞராகச் செயல்படுவது 1976ஆம் ஆண்டு வழக்குரைஞர் தொழில் சட்டத்தின் 37ஆம் பிரிவின்கீழ் குற்றம். ஒருவர் பெயர் பட்டியலில் உள்ளதா என்று மன்றத்தின் தளத்தில் யாரும் தேடலாம். லாயர் ஏமாற்றினால் ஒழுங்கு வாரியத்தில் புகார் செய்ய வழியுண்டு. தரகர் ஏமாற்றினால் பெரும்பாலும் ரசீதுகூடக் கையில் இருக்காது.

"அவர் மூலமாகத்தான் இன்னாருக்குக் கிடைத்தது" என்பார்கள். கிடைத்திருக்கலாம், காகிதம் சரியாக இருந்தால் தானாகவே கிடைத்திருக்கும், தரகர் வேகத்துக்கு உரிமை கொண்டாடினார், அவ்வளவுதான். காகிதம் பொய்யாக இருந்து கிடைத்திருந்தால் அது இன்னும் மோசம். மோசடியால் பெற்ற குடியுரிமைப் பதிவை 26ஆவது விதியின்படி பறிக்கலாம். போலி ஐசி வைத்திருப்பதற்கு 1990ஆம் ஆண்டு தேசியப் பதிவு விதிமுறைகளில் மூன்று ஆண்டு வரை சிறையோ 20,000 ரிங்கிட் வரை அபராதமோ உண்டு. தண்டனை தரகரோடு நிற்பதில்லை, வைத்திருப்பவர் தலையிலும் விழும். தமிழ்நாட்டிலிருந்து நீலாய்த் தொழிற்சாலைக்கும் உணவகத்துக்கும் வந்து பெர்மிட் முடிந்தவர் கதை இன்னும் இறுக்கமானது. குடிநுழைவுச் சட்டத்தின் 59ஏ பிரிவு, நடைமுறைத் தவறு தவிர வேறெதற்கும் நீதிமன்றச் சீராய்வு கிடையாது என்கிறது. அவருக்கு நேர்மையான லாயர் சொல்லக்கூடிய மிக நல்ல ஆலோசனை, "இந்த வழக்கு நிற்காது, பணத்தை வீணாக்காதீர்கள்" என்பதாகவும் இருக்கலாம். அப்படிச் சொல்லத் தெரிந்தவரிடம் அடுத்த வழக்கை நம்பிக் கொடுக்கலாம்.

ஒரு வேலையை மட்டும் இன்றே செய்யுங்கள். இலாகாவின் மறுப்புக் கடிதம் வீட்டில் இருந்தால் அது கைக்கு வந்த தேதியை உறையின் மேல் எழுதுங்கள். மூலத்தை யாரிடமும் கொடுக்காமல் நகலை மட்டும் கொடுங்கள். சீராய்வு மனுவுக்கு 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகள் தரும் காலம் மூன்று மாதம். முடிவு உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து அது ஓடத் தொடங்கிவிடும்.