மீன் பண்ணையில் ஒரு மருந்தெதிர்ப்பு மரபணு: தடம் பிடிப்பது எப்படி?

1995இல் மடகாஸ்கரில் பிளேக் நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்த கிருமி மருத்துவர்களைத் திடுக்கிட வைத்தது. பிளேக்குக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின், குளோராம்பெனிகால் எதற்கும் அது மசியவில்லை. அந்த எதிர்ப்பைத் தந்த மரபணுக்கள் ஒரு பிளாஸ்மிட்டில் இருந்தன. 2007இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அந்தப் பிளாஸ்மிட்டின் மரபணு வரிசையை வேறு இரண்டு பிளாஸ்மிட்டுகளுடன் ஒப்பிட்டார்கள். ஒன்று, மனிதருக்கு உணவு வழியே தொற்றும் சால்மோனெல்லாவிடமிருந்து எடுத்தது. மற்றது, பண்ணை ட்ரவுட் மீன்களுக்கு வாய் சிவக்கும் நோயைத் தரும் யெர்சீனியா ரக்கெரியிடமிருந்து. மூன்றின் அடிப்படைக் கட்டமைப்பும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது.

மீனிலிருந்து பிளேக் கிருமிக்கு நேராக எதுவும் போனது என்று இதற்குப் பொருளில்லை. மீன், மனிதர், கொள்ளைநோய் என்று நாம் பிரித்து வைத்திருக்கும் கிருமிகள் ஒரே மூலத்துச் சரக்கைத் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்கின்றன என்பதே செய்தி.

பிளாஸ்மிட் ஏன் முக்கியம்?

பாக்டீரியா தன் முதன்மைக் குரோமோசோமைத் தவிரத் தனியாக வைத்திருக்கும் சிறு டிஎன்ஏ வளையமே பிளாஸ்மிட். அதை நகலெடுத்து, வேற்றினப் பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிடும். பல மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்கள் ஒரே பிளாஸ்மிட்டில் இருந்தால் ஒரே கைமாற்றத்தில் அத்தனையும் போய்ச் சேரும்.

மீன் பண்ணை இதற்கு வசதியான இடம். மருந்தைப் பெரும்பாலும் தீவனத்தில் கலந்தே கொடுக்கிறார்கள். நோயுற்ற மீன் சரியாகத் தின்னாது. தின்னாமல் விட்டதும் கழிவில் வெளியேறுவதும் தண்ணீரிலும் அடிச்சேற்றிலும் தங்கும். அங்கே எதிர்ப்புள்ள பாக்டீரியாக்களே பிழைத்துப் பெருகும். சாக்கடை நீரோ கால்நடைக் கழிவோ அதே குளத்தில் கலந்தால், அவற்றின் கிருமிகளும் இவற்றோடு சேர்ந்துகொள்ளும்.

2017இல் சீனாவில், பன்றியிடமிருந்து எடுத்த ஈ.கோலையில் எம்சிஆர்-3 என்ற மரபணு தெரியவந்தது. வேறு மருந்து கேட்காதபோது மருத்துவர்கள் கடைசியாக நாடும் கோலிஸ்டினை எதிர்க்கும் மரபணு அது. அதன் நெருங்கிய உறவுகள் தண்ணீரில் வாழும் ஏரோமோனாஸ் பாக்டீரியாக்களில் காணப்பட்டன. உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கும் மீன் வளர்ப்புக்கும் கோலிஸ்டினைப் பயன்படுத்த இந்தியா 2019இல் தடை விதித்தது.

எப்படிப் படிக்கிறார்கள்?

மீனின் சிறுநீரகம், குடல் அல்லது குளத்து நீரிலிருந்து பாக்டீரியாவைப் பிரித்து வளர்த்து, அதன் டிஎன்ஏவை எடுக்கிறார்கள். கருவி அதைச் சில நூறு எழுத்துகள் கொண்ட துண்டுகளாகப் படிக்கும்; கணினி துண்டுகளைக் கோத்து, கனடாவின் கார்டு, டென்மார்க்கின் ரெஸ்ஃபைண்டர் போன்ற தரவுத்தளங்களில் உள்ள எதிர்ப்பு மரபணுக்களோடு ஒப்பிடும்.

மருந்து வில்லை வைத்துச் செய்யும் பழைய சோதனை, மருந்து கேட்குமா கேட்காதா என்று மட்டும் சொல்லும். மரபணு வரிசையோ எந்த மரபணு, அது குரோமோசோமில் இருக்கிறதா பிளாஸ்மிட்டில் இருக்கிறதா என்றும் காட்டும். ஒரே மாதிரிப் பகுதிகள் பல இடங்களில் வருவதால் சிறு துண்டுகளை வைத்து இருப்பிடத்தை உறுதிசெய்வது கடினம். அதற்கு நீளமான இழைகளைப் படிக்கும் கருவிகள் உதவுகின்றன.

ஆனால், மரபணு இருந்தும் அது செயல்படாமல் இருக்கலாம். தரவுத்தளத்தில் இல்லாத புது மரபணு கண்ணில் படாமலே போகலாம். அதனால் வில்லைச் சோதனையை ஓரங்கட்ட முடியாது.

மீன் சாப்பிடலாமா?

நன்றாக வேகவைத்தால் பாக்டீரியா இறந்துவிடும். பச்சை மீனை நறுக்கிய கையையும் கத்தியையும் பலகையையும் கழுவாமல் மற்ற உணவைத் தொடுவதில்தான் கவனம் தேவை.

பண்ணையில் என்ன செய்யலாம் என்பதற்கு நார்வே முன்னுதாரணம். 1987இல் அந்நாட்டு மீன் பண்ணைகள் ஏறக்குறைய 50 டன் ஆன்டிபயாடிக் பயன்படுத்தின. சால்மனுக்குத் தடுப்பூசி பரவலான பிறகு, 1990களின் நடுவில் அது சுமார் 1 டன்னாகக் குறைந்தது. அதே காலத்தில் சால்மன் உற்பத்தி பல மடங்கு கூடியது. மருந்தைக் குறைத்தால் விளைச்சல் படுத்துவிடும் என்ற அச்சத்துக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி வேண்டியதில்லை.