வனம் காக்கும் படிப்புக்குக் கடன் வாங்கலாமா?

தென்காசியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே முகத்தில் சாரல் அடிக்கும். ஆனியும் ஆடியும் குற்றாலத்தில் 'சீசன்' மாதங்கள். கடைகளில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்து கிடக்கும். அருவியில் குளித்த வெளியூர்க்காரர்கள் தலையைக்கூடத் துவட்டாமல் பேரம் பேசுவார்கள்.

கல்லூரிகளில் பிள்ளைகளைச் சேர்ப்பதும் ஏறக்குறைய இதே நாட்களில்தான். சீசனை நம்பிப் பிழைக்கும் வீடுகளில், இரவு கடையை அடைத்த பிறகு இன்னொரு கணக்கு ஆரம்பமாகும். "காட்டைப் பற்றிப் படிக்கவேண்டும் என்கிறாளே, அதற்கு என்ன உத்தியோகம் கிடைக்கும்?" என்று தகப்பனார் கேட்பார். "கடனை யார் அடைப்பது?" என்பாள் தாயார்.

இரண்டும் நியாயமான கேள்விகள்தாம். மகளின் ஆசையும் நியாயமானதே. மேலே மலையில் காடு இல்லாவிட்டால் கீழே சிற்றாறு ஏது? சிற்றாறு இல்லாவிட்டால் சீசன் கடைதான் ஏது?

முதலில் கடனைப் பார்ப்போம். 4 லட்ச ரூபாய் வரை வங்கிகள் கல்விக் கடனுக்குச் சொத்து ஜாமீன் கேட்பதில்லை. பெற்றோரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்டவேண்டியதில்லை. "அதுவரை கவலையில்லை" என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். ஆனால், தவணைதான் தூங்குகிறது, வட்டி தூங்குவதில்லை!

ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் மூன்று ஆண்டுகளுக்கு 3 லட்சம் வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். வட்டி நூற்றுக்குப் பத்து. தவணை தொடங்கும் நாளில் வட்டி மட்டும் 90 ஆயிரம் சேர்ந்திருக்கும். ஆக, கடன் 3 லட்சத்து 90 ஆயிரம். பத்து ஆண்டுகளில் அடைப்பதானால் மாதம் 5,154 ரூபாய். மொத்தம் கட்டுவது 6 லட்சத்து 18 ஆயிரத்துக்கு மேல்!

என்ன சம்பளம்?

தமிழ்நாடு வனத்துறையின் 2018-ஆம் ஆண்டு அறிவிப்பில் வனக்காப்பாளருக்கு ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 18,200 ரூபாய். அகவிலைப்படி முதலியவை தனி. அந்த வேலைக்கு அறிவியல் பாடத்துடன் பிளஸ் 2 போதும், பட்டமே வேண்டாம். லட்சக்கணக்கில் கடன்பட்டு வாங்கிய பட்டத்துடன் அதே வேலையில் சேருகிறவர் மாதாமாதம் அந்தத் தவணையைக் கட்டித் தீர்க்கவேண்டும்.

வனச்சரகர் வேலைக்குப் பட்டம் வேண்டும். 2022 அறிவிப்பின்படி ஆரம்பம் 37,700 ரூபாய். மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் படிப்பது போன்ற வனவியல் பட்டத்துக்கு இதில் முன்னுரிமை உண்டு. ஆனால் இடங்கள் மிகச் சில. இந்திய வனப்பணி அதற்கும் மேலே. 2016-இல் நடைமுறைக்கு வந்த ஏழாவது ஊதியக்குழு அட்டவணையில் அதன் ஆரம்பம் 56,100 ரூபாய்.

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். வனப்பணித் தேர்வு எழுதுவதற்குத் தாவரவியல், விலங்கியல், வேதியியல், புவியியற்பாறை நூல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், கால்நடை மருத்துவம் ஆகியவற்றில் ஒன்றேனும் பட்டப்படிப்பில் பாடமாக இருக்கவேண்டும். அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம் வேண்டும். பட்டத்தின் பெயரில் 'சுற்றுச்சூழல்' என்ற சொல் இருந்தால் மட்டும் கதவு திறக்காது. தூரத்து ஊரில், பெரிய கட்டணத்தில், அழகான பெயருள்ள படிப்பில் சேர்ந்துவிட்டு, இதைப் பின்னால் தெரிந்துகொண்டு என்ன பயன்?

மேல் இலையை விலக்கிப் பார்க்காமல் பழக்கூடை வாங்காத வியாபாரிகள், கல்லூரி வாசலில் மட்டும் ஏனோ வாய் திறப்பதில்லை. "போன வருஷம் படித்து முடித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள்? என்ன சம்பளம்?" என்று தாராளமாகக் கேட்கலாம்.

உள்ளூரிலேயே வழி

குற்றாலத்திலேயே ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி இருக்கிறது. குற்றாலநாத சுவாமி கோயில் நிர்வாகத்தில் 1964-இல் தொடங்கியது. தென்காசிப் பெண்கள் காலையில் பஸ் ஏறினால் மாலையில் வீடு திரும்பிவிடலாம். விடுதிச் செலவு மிச்சம். தாவரவியல் போன்ற ஒரு பாடத்தில் இப்படிப் பட்டம் பெற்றுவிட்டுச் சுற்றுச்சூழலை மேற்படிப்பாக வைத்துக்கொள்ளலாம். அதற்கும் வெகுதூரம் போகவேண்டாம். கடையத்துக்கு அப்பால் ஆழ்வார்குறிச்சியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீ பரமகல்யாணி சுற்றுச்சூழல் அறிவியல் மையம் இருக்கிறது. பிறகு தேசியத் தகுதித் தேர்வில் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேறியவர்களுக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். படிப்பதற்கே பணம்!

இதையெல்லாம் பார்த்த பிறகும் கடன் வாங்கித்தான் ஆகவேண்டும் என்ற நிலை சில வீடுகளில் இருக்கும். அவர்கள் வட்டியை மட்டுமாவது வருடா வருடம் கட்டிவிடலாம். மேலே சொன்ன கணக்கில் முதல் ஆண்டு 10 ஆயிரம், இரண்டாம் ஆண்டு 20 ஆயிரம், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கும் 30 ஆயிரம் வீதம். ஆடி முடிந்து சீசன் பணம் கையில் இருக்கும்போதே வங்கிக்குப் போய்விடவேண்டும். அப்படிச் செய்தால் மகள் கட்டவேண்டிய தவணை 5,154 ரூபாயிலிருந்து 3,965 ரூபாயாக இறங்கும். குடும்பத்துக்கு மொத்தத்தில் சுமார் 52 ஆயிரம் ரூபாய் மிச்சம்.