பழைய உழவு யந்திரங்களுக்கு உறுப்புகள் பெறும் வகை

குறுவைச் சாகுபடிக்காக மேட்டூர் அணை திறக்கப்படும் வழக்கமான நாள் ஜூன் 12 என்பது தஞ்சை விவசாயிகள் யாவரும் அறிந்ததே. நீர் வந்து சேற்றுழவு தொடங்கும் வேளையில் டிராக்டர் பழுதுற்று நின்றுவிடின், நடவு தாமதமாகும். குறுகிய வயதுள்ள நெல் ரகங்களின் நாற்று 25 நாட்களுக்கு மேல் நாற்றங்காலில் நிற்குமாயின் தூர் குறையும், மகசூலும் குறையும். ஆகையால் தேய்ந்த உறுப்புகளைச் சித்திரை மாதத்திலேயே தேடி வாங்கி வைத்தல் அவசியம்.

யந்திரத்தைச் செய்த கம்பெனி மூடப்பட்டாலும், பெயர் மாறினாலும், உறுப்புகள் கிடையா என்று கருதி யந்திரத்தைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிட வேண்டுவதில்லை. ஹெச்.எம்.டி. டிராக்டர்கள் 1971-ஆம் வருஷம் முதல் செக்கோஸ்லோவாக்கியாவின் ஜீட்டர் கம்பெனியின் மாதிரியில் பின்ஜோரில் செய்யப்பட்டன. 2016-இல் மத்திய அரசு அத்தொழிற்பிரிவை மூடத் தீர்மானித்தது. எனினும் லூதியானா முதலிய நகரங்களில் தனித் தொழிற்சாலைகள் டிராக்டர் உறுப்புகளைச் செய்து வருகின்றன. ஐச்சர் டிராக்டர் தொழில் 2005-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டாஃபே கம்பெனியின் வசமாயிற்று. எனவே ஐச்சர் வைத்திருப்போர் டாஃபே கம்பெனியின் வியாபாரிகளிடம் முதலில் விசாரித்தல் நலம். பழைய லிஸ்டர் மாதிரி ஆயில் என்ஜின்களுக்கு ராஜ்கோட்டில் உறுப்புகள் செய்யப்படுகின்றன.

சில உறுப்புகள் எந்தக் கம்பெனிக்கும் பொதுவானவை. பேரிங்கின் மீது பொறித்துள்ள எண்ணே அதன் அளவைத் தெரிவிக்கும். உதாரணமாக, 6205 என்ற பேரிங்கின் உள்விட்டம் 25 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 52, கனம் 15. எவர் செய்ததாயினும் இவ்வளவு மாறாது. எண்ணுக்குப் பின்வரும் எழுத்துக்களையும் தவறாது குறித்துக் கொள்ள வேண்டும். ஆயில் சீலுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், கனம் ஆகிய மூன்றும் போதும். பிஸ்டனும் ரிங்கும் வாங்குமுன், சிலிண்டர் முன்பே கடைந்து துளை பெருக்கப்பட்டதா என்று அறிதல் வேண்டும். பெருக்கப்பட்டதாயின் சாதாரண அளவு பொருந்தாது.

வியாபாரியிடம் செல்லும்போது பெயர்த் தகட்டிலுள்ள மாடல், என்ஜின் எண், வருஷம் ஆகியவற்றை எழுதிக்கொண்டு, தேய்ந்த உறுப்பையும் துடைத்து உடன் எடுத்துச் செல்ல வேண்டும். உறுப்பின் எண் குறித்த ரசீதைப் பெறுவதும், பொருந்தாவிடில் மாற்றித் தருவாரா என்பதை முன்னரே கேட்டுக்கொள்வதும் நன்று. விலை மலிவைக் கண்டு போலி உறுப்பை வாங்குவோர், பருவத்தின் நடுவே மறுபடியும் யந்திரத்தைப் பிரிக்க நேரிடும்.

கிராம உத்தியோகஸ்தர்கள் தத்தம் கிராமத்திலுள்ள யந்திரங்களின் மாடல்களை ஒரு பட்டியலாக எழுதி வைப்பின் பெரிதும் உபயோகமாகும். ஒரே மாடல் வைத்திருப்போர் பலர் சேர்ந்து கேட்டால், அரிய உறுப்புகளையும் வெளியூரிலிருந்து தருவிக்க வியாபாரி முன்வருவார். அவ்விதமும் உறுப்பு கிடையாத யந்திரத்துக்கு உரியவர்கள், நீர் வருமுன்பே வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை யந்திரத்துக்குப் பதிவு செய்துகொள்வது உசிதம்.