செருகியவுடன் நடக்கும் விசாரணை

பென்டிரைவ், விசைப்பலகை, அச்சுப்பொறி ஆகிய எதுவாயினும் கணினியின் யூ.எஸ்.பி. துளையில் செருகிய சில நொடிகளில் வேலைக்கு ஆயத்தமாகிவிடுகிறது. இம்முறையின் முதல் விதிநூல் 1996-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதற்கு முன் ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு துளை இருந்தது. இப்போது எல்லாருக்கும் ஒரே வாசல். அப்படியானால் வந்தது யார் என்று கணினி எப்படி அறிகிறது?

அந்நாளில் தோட்டத்திற்குப் புதிய ஆள் வந்தால் என்ன நடக்கும்? கிராணியார் பெயரைக் கேட்பார், செக்ரோலில் பதிவார். பிறகுதான் பெரட்டில் வேலை கிடைக்கும். இங்கே கிராணியார் கணினி. புதிய ஆள் கருவி. கேட்டால்தான் கருவி பேச வேண்டும். தானாக முந்திக்கொள்ளக் கூடாது.

பதில் சொல்வதற்கென்றே கருவியின் சில்லுக்குள் சிறிய நிரல் ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. அதனை நிலைப்பொருள் என்கிறோம். கணினியின் ஒவ்வொரு கேள்வியும் 8 பைட் அளவில் வரும்.

புதிதாக வந்த கருவிக்கு எண் பூச்சியம். கணினி அதற்கு 1 முதல் 127 வரையுள்ள எண்களில் ஒன்றைக் கொடுக்கிறது. "சரி" என்ற பதிலைப் பழைய எண்ணிலேயே சொல்லி முடித்துவிட்டுத்தான் கருவி புதிய எண்ணை ஏற்க வேண்டும். அவசரப்பட்டால் பதில் போய்ச் சேராது, பதிவும் நடவாது.

பின்னர்ச் செய்தவர் எண், பொருள் எண் முதலியவை அடங்கிய 18 பைட் விவரத்தைக் கணினி கேட்கும். அடுத்து அமைப்பு விவரம். பெரும்பாலும் முதல் 9 பைட்டை மட்டும் கேட்டு, மொத்த நீளத்தை அதிலிருந்து அறிந்து, பிறகு முழுவதையும் கேட்கும். கேட்ட அளவுக்கு மேல் கருவி ஒரு பைட்டும் கொடுக்கலாகாது.

எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பதும் அவ்விவரத்தில் உண்டு. யூ.எஸ்.பி. 2.0 விதிப்படி, பதிவு முடியும்வரை 100 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கக் கூடாது. "இந்த அமைப்பில் வேலை செய்" என்று கணினி ஆணையிட்ட பிறகு, கேட்டுப் பெற்ற அளவுக்கு, 500 வரை இழுக்கலாம். இல்லாத அமைப்பின் எண் வந்தால், நல்ல நிலைப்பொருள் மௌனமாக இராது; "இயலாது" என்று முறைப்படி மறுத்துவிடும்.

இனி, நம் வீட்டுக்கு வேண்டிய செய்திக்கு வருவோம். கருவி சொல்வதைக் கணினி அப்படியே நம்புகிறது, சாட்சி கேட்பதில்லை. 2014-ஆம் ஆண்டில் கார்ஸ்டன் நோல், யாக்கோப் லெல் என்னும் ஆய்வாளர்கள் இதன் ஆபத்தைக் காட்டினார்கள். பென்டிரைவின் நிலைப்பொருளை மாற்றி எழுதினால், அது "நான் விசைப்பலகை" என்று பொய் சொல்லிப் பதிந்துகொள்ளும். பின் யாரோ தட்டச்சு செய்வதுபோல் கட்டளைகளை அனுப்பும். பென்டிரைவில் உள்ள கோப்புகளை எல்லாம் அழித்தாலும் அந்த நிலைப்பொருள் அழியாது.

ஆகவே, வழியில் கிடந்த பென்டிரைவைப் பிள்ளைகள் எடுத்து வந்தால், "என்ன இருக்கிறது பார்ப்போம்" என்று செருகவே வேண்டாம். வங்கிக் கணக்கைத் திறக்கும் அதே கணினியாக இருந்தால் நட்டம் சிறிதாக இராது. வெளியிடங்களில் கைப்பேசிக்கு மின்னேற்ற, உங்கள் சொந்த மின்னேற்றியைச் சுவர் மின்துளையில் மாட்டுங்கள். அங்கே விசாரிக்கக் கணினி இல்லை. தரவைப் பகிரலாமா என்று கைப்பேசி கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இன்னொன்று. சில மலிவான கம்பிகளில் மின்சாரத்துக்கான இரண்டு இழைகள் மட்டும் இருக்கும். பேச்சுக்கான இரண்டு இழைகள் இரா. அத்தகைய கம்பியில் மின்னேறும்; ஆனால் கணினி கைப்பேசியை அறியாது. கைப்பேசி கெட்டுவிட்டதென்று கடைக்கு ஓடிப் பணத்தைச் செலவிடுமுன், கம்பியை மாற்றிப் பாருங்கள்.